இபாமோரெலின் 5 மி.கி. வயல்: லேபிளில் இருப்பதும் இல்லாததும்

கோவை, திருப்பூர் பக்கம் ஜிம்களில் தசை ஏற்றவென்று கைமாறும் இந்த ஊசி மருந்துக் குப்பிக்கு 5 மதிப்பெண்ணுக்கு 1 கொடுக்கலாம். அதுவும் மூடி இறுக்கமாக இருப்பதற்கு.

உள்ளே இருப்பது ஐந்து அமினோ அமிலம் கோத்த பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு. நோவோ நார்டிஸ்க் என்ற மருந்து நிறுவனம் உருவாக்கியது. கிரெலின் என்ற பசி ஹார்மோனின் ஏற்பியைத் தூண்டி, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனை வெளியேற்றும். கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் பெரிதாக ஏறாது என்பது நிஜம்தான். ஆனால் ஹார்மோன் ஏறுவது வேறு, தசை ஏறுவது வேறுங்க. குடல் அறுவைக்குப் பின் குடல் இயக்கம் திரும்ப உதவுமா என்று நடந்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2014-இல் வந்தது. டம்மி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் கிடையாது, இந்தியாவிலும் கிடையாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் எஸ்2 பிரிவு, அதாவது ஹார்மோன் வகைப் பொருள்கள். போட்டி இல்லாத நாளிலும் தடை. மாநில அளவில் பளு தூக்குபவர்கள் கவனிக்க. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் இன்னொரு மருந்தான டெசாமோரெலின் 2010-இல் ஒப்புதல் பெற்றது, ஆனால் எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்புக்கு மட்டும்.

லேபிளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருக்கும். உற்பத்தி உரிம எண் இருக்காது. கூட வரும் '99% தூய்மை' எச்பிஎல்சி (வேதித் தூய்மையை அளக்கும் ஆய்வக முறை) தாள் கிருமி இல்லை என்றோ, பாக்டீரியா விட்டுச்செல்லும் நச்சான எண்டோடாக்சின் இல்லை என்றோ சொல்லாது. ஊசி போடும் பொருளுக்கு அதுதானே முக்கியம்?

இன்னொரு வம்பு சிரிஞ்சில். இணையத்தில் சொல்லும் 'யூனிட்' கணக்கு, ஒரு மி.லி.க்கு 100 யூனிட் கோடு போட்ட யு-100 இன்சுலின் சிரிஞ்சுக்கு. நம்மூர் மருந்துக்கடையில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள யு-40யும் கிடைக்கும். அதில் அதே 10 யூனிட் கோடு 0.1 மி.லி. அல்ல, 0.25 மி.லி.; இரண்டரை மடங்கு.