இஇஎஃப்1ஏ2வா, இஇஎஃப்2வா: கேன்சர் மார்க்கராக எது தேறும்?

சேலத்தில், பெரியார் பல்கலைக்கழகப் பக்கம் உயிர்வேதியியலோ பயோடெக்னாலஜியோ படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு கேன்சர் மார்க்கர் (கேன்சரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்) தேடும்போது, புரதத்தை நீட்டும் காரணிகளில் ஒன்றை எடுக்கலாமா என்று கேட்பதுண்டு. தாராளமாக எடுக்கலாம், எதை எடுப்பது என்பதில்தான் விஷயம். இஇஎஃப் (eEF) என்பது அந்தக் காரணிகளின் சுருக்கப் பெயர். போட்டியில் மூன்று: இஇஎஃப்1ஏ1, இஇஎஃப்1ஏ2, இஇஎஃப்2. முதல் இரண்டும் 1ஏ என்ற ஒரே காரணியின் இரு வடிவங்கள். என் ஓட்டு 1ஏ2வுக்கு.

செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் புரதம் கட்டும்போது, அடுத்த அமினோ அமிலத்தைச் சுமக்கும் டிஆர்என்ஏவைக் கொண்டுவந்து சேர்ப்பது 1ஏ, அது சேர்ந்ததும் ரைபோசோமை ஒரு கோடான் (ஓர் அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்துக் குறி) தூரம் நகர்த்துவது இஇஎஃப்2. வளரும் கட்டிக்குப் புரதம் நிறைய வேண்டும், அதனால் இவை கூடுகின்றன. சிக்கலும் அங்கேயே ஆரம்பிக்கிறது: வேகமாகப் பெருகும் நல்ல செல்லிலும் கூடும் என்றால் அதை எப்படி கேன்சரின் அடையாளம் என்பது?

1ஏ1 இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும். உடம்பின் பெரும்பாலான செல்களில் அது ஏராளமாக இருக்கிறது, ஏற்கெனவே நிறைந்து கிடப்பதில் கொஞ்சம் கூடியதைப் பிரித்துச் சொல்வது பெரும்பாடு. கூடவே அதற்குப் போலி மரபணுக்கள் (அதே வரிசையைப் போலிருக்கும் வேலை செய்யாத நகல்கள்) நிறைய, ஆர்என்ஏவில் டிஎன்ஏ கலந்திருந்தால் பிசிஆர் (குறிப்பிட்ட வரிசையைப் பெருக்கி அளக்கும் சோதனை) முடிவு ஏமாற்றிவிடும்.

இஇஎஃப்2 நல்ல போட்டியாளர். இரைப்பை, பெருங்குடல் கட்டிகளில் அது மிகுந்திருப்பதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அதன் அளவை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். இஇஎஃப்2 கைனேஸ் என்ற நொதி அதன் 56வது இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிட்டால் இஇஎஃப்2 வேலை செய்யாது. சத்து கிடைக்காத கட்டி இந்த வழியாகத்தான் புரத உற்பத்தியைக் குறைத்துத் தாக்குப்பிடிக்கிறது, ஆக அளவு கூடியும் வேலை குறைந்திருக்கலாம். அளவு, பாஸ்பேட் ஒட்டிய நிலை இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். ஆனால் பாஸ்பேட் ஒட்டிய நிலை, திசுவை எடுத்த பிறகு திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போடத் தாமதமானாலே மாறக்கூடியது. ஆத்தூரிலோ மேட்டூரிலோ அறுவை முடிந்து சேலத்துக்கு வரும் திசு எத்தனை நேரம் சும்மா கிடந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன்.

இப்போது 1ஏ2. 1ஏ1க்கும் இதற்கும் அமினோ அமில வரிசை 92% ஒன்றேதான், செய்யும் வேலையும் ஒன்றேதான், இருக்கும் இடம் மட்டும் வேறு: இது முக்கியமாக மூளை, இதயம், எலும்புத்தசை ஆகியவற்றில் இருப்பது. சினைப்பையில் தென்பட்டால் அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா, அந்த இடம் மாறிய தன்மைதான் இதன் பலம். 2002இல் வந்த ஆய்வு ஒன்றில், சினைப்பைக் கட்டிகளில் சுமார் 25% கட்டிகளில் இதன் மரபணு நகல் பெருகியிருந்தது, சுமார் 30% கட்டிகளில் இது அதிகமாக வெளிப்பட்டது, எலிச் செல்களில் இதைக் கூட்டியபோது அவை கட்டி உண்டாக்கும் செல்களாகவே மாறின. வெறும் பக்கத்துணை இல்லை, இதற்கே கை இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

குறையும் உண்டு. மரபணு 20வது குரோமோசோமின் நீண்ட கையில், 20க்யூ13 பகுதியில் இருக்கிறது, கேன்சரில் அந்தப் பகுதி முழுவதுமே பெருகுவது வழக்கம் என்பதால் அக்கம்பக்கத்து மரபணுக்களின் பங்கையும் பிரித்தாக வேண்டும். நகல் கூடாமலே புரதம் கூடிய கட்டிகளும் இருக்கின்றன, அதனால் நகல் எண்ணிக்கையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது மார்பகம்: அங்கே 1ஏ2 மிகுந்தவர்களுக்கு விளைவு நன்றாக இருந்தது என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. அப்படியானால் ‘இருக்கிறது’ என்றவுடன் ‘மோசம்’ என்று எழுதிவிட முடியாது, உறுப்புக்கு உறுப்பு அர்த்தம் மாறும்.

செய்வதானால் ஆர்என்ஏவை அளக்க, 1ஏ1, 1ஏ2 இரண்டுக்கும் வரிசை வேறுபடும் 3' முனைப் பகுதியில் பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வையுங்கள். ஸ்லைடில் புரதம் பார்ப்பதானால் புரதத்தை அடையாளம் காணும் ஆன்டிபாடி 1ஏ1ஐயும் பிடிக்கிறதா என்பதை, 1ஏ2 இருக்கும் தசைத் திசுவிலும் அது இல்லாத கல்லீரலிலும் முதலில் சோதியுங்கள். அப்புறம், வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கிறது என்றால், இந்த மூன்றில் எதையும் ரத்தப் பரிசோதனையாகத் தேடி அலைய வேண்டாம், சினைப்பைக்கு மருத்துவர் எழுதும் சிஏ125 ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் இவை இன்னும் மாற்றவில்லை.