முதல் டியூப் ஆம்ப் கிட்: சாம்ப்பா, டீலக்ஸா, 18 வாட்டா?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மூன்று வாரம் என் வசம் இருந்தது. பழைய செய்தித்தாள், அதன்மேல் ஆம்ப்பின் உலோகச் சட்டமான சேஸிஸ், பக்கத்தில் ஈயச்சுருள். மனைவியும் பிள்ளைகளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டார்கள். பாகங்களைக் கிட்டாக வாங்கி நாமே ஈயம் வைத்துச் சேர்க்கும் கிட்டார் டியூப் ஆம்ப் அது. நான் கட்டியது ஃபெண்டர் சாம்ப்பின் 5எஃப்1 சர்க்யூட். அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இரண்டு மாதம் மூன்று கிட்டுகளுக்கு நடுவே அல்லாடினேன். இப்போது அலுவலகத் தம்பி ஒருவர் அதே மூன்றையும் காட்டி, "அண்ணே, எது வாங்கலாம்?" என்கிறார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் மூன்றும் எவை என்று பார்த்துவிடலாம். 5எஃப்1 1950களின் பிற்பாதியைச் சேர்ந்தது. சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்க ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3. மொத்தமே மூன்று டியூப், ஒரே ஒரு குமிழ். சுமார் 5 வாட். டீலக்ஸ் 5இ3யும் அதே காலம்தான். 6வி6 இரண்டு சேர்ந்து, ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் புஷ்-புல் முறையில் வேலை செய்யும், ஸ்பீக்கர் 12 அங்குலம், 12 முதல் 15 வாட் வரை தரும். மூன்றாவது மார்ஷல் 1960களின் நடுவில் போட்ட 18 வாட். அதில் இஎல்84 என்ற பவர் டியூப் இரண்டு. மூன்றிலுமே கேத்தோடு பயாஸ், அதாவது பவர் டியூப்பில் ஓடும் கரண்டை ஒரு ரெசிஸ்டரே அமைத்துக்கொடுக்கும் முறை என்பதால் பயாஸ் திருகி அமைக்கும் வேலை கிடையாது.

ஓசையைப் பற்றி இழுக்கப் போவதில்லை. டீலக்ஸ்தான் அழகு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 18 வாட்டை நான் கட்டியதில்லை, நண்பர் கட்டியதை இரண்டு முறை வாசித்ததோடு சரி; கடித்துக் குதறுகிற மாதிரி ஒரு குரல், ராக் வாசிப்பவருக்குப் பிடிக்கும். சத்தம் குறைவு என்பதற்காகச் சாம்ப் வாங்காதீர்கள். 5 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் இடையே 5 டெசிபல்கூட இல்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் எதை முழுக்கத் திருகினாலும் கதவு தட்டப்படும்.

நான் சாம்ப் பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறு. முதல் ஆம்ப்பில் தப்பு நடக்கும். எத்தனை முறை சரிபார்த்தாலும் நடக்கும். கிட் பார்க்கிறவர்கள் எல்லாரும் "இதைக் கட்ட முடியுமா?" என்று கேட்கிறார்கள். படம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, எதையும் கட்டிவிடலாம். கட்டியபின் வேலை செய்யாவிட்டால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியுமா? அதைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுக் கொடுப்பது வழக்கம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, குண்டு பல்புக்குத்தான் கடை கடையாக அலைந்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. நல்ல சகுனம். பல்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்தேன். பதினைந்து விநாடி கழித்து, டியூப் சூடானதும், ஊளை. கிட்டாரைச் செருகவே இல்லை, வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறது, ஆனாலும் ஊளை. எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து, "என்ன தம்பி, வீட்டுக்குள்ள கப்பல் வந்திருச்சா?" என்று கேட்டார்.

வால்யூம் குமிழுக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்றால் கோளாறு குமிழுக்குப் பிறகு. சாம்ப்பில் குமிழுக்குப் பிறகு இருப்பது 12ஏஎக்ஸ்7இன் இரண்டாவது பாதி (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டியூப் அது), 6வி6, அதை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாகத் திரும்பி வரும் ஒரு ஃபீட்பேக் கம்பி. அவ்வளவுதான். ஃபீட்பேக் கம்பியைக் கழற்றினேன், ஊளை நின்றது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நீலக் கம்பியையும் சிவப்புக் கம்பியையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தேன். சத்தத்தை அடக்க வேண்டிய ஃபீட்பேக் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றி ஈயம் வைத்தேன், சரியாகிவிட்டது. ஒரே இரவில் முடிந்த வேலை. (நேர்மையாகச் சொன்னால் 5இ3யில் இந்த ஃபீட்பேக் கம்பியே கிடையாது, அங்கே இந்த ஊளைக்கு வழியில்லை.)

மறுநாள் கரகரப்பு. அதற்கு ஆயுதம் சாப்ஸ்டிக். பான் மியன் நூடுல்ஸ் வாங்கியபோது வந்த மரக்குச்சியால், ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு இணைப்பாக மெல்லத் தட்டினேன். ஒரு கெப்பாசிட்டரின் காலைத் தட்டியதும் படபடவென்று சத்தம். ஈயம் பார்க்கப் பளபளப்பாக இருந்தது, உள்ளே ஒட்டவில்லை. தட்டிப் பார்க்க மொத்தம் முப்பது, நாற்பது இடம்தான்.

இப்போது டீலக்ஸை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு டியூப்பின் பாதி, சிக்னலை இரண்டாகப் பிரித்து எதிரெதிராக இரண்டு 6வி6களுக்கும் அனுப்புகிறது. அதில் ஒரு பக்கம் செத்துப்போனாலும் ஆம்ப் பாடும். கொஞ்சம் பலவீனமாக, கொஞ்சம் அழுக்காகப் பாடும். டீலக்ஸின் சுபாவமே அழுக்கு ஓசை என்று எங்கும் படித்துவிட்டு வந்த புதியவருக்கு, இது கோளாறா, குணமா என்று எப்படித் தெரியும்? போதாததற்கு இரண்டு வால்யூம் குமிழ்களும் ஒன்றையொன்று பாதிக்கும், அது டிசைன். சாம்ப்பில் இந்த மயக்கம் குறைவு. ஒரே பாதை, அடைத்துக்கொண்டால் நின்றுவிடும்.

மீட்டர் வைத்துப் பார்ப்பதும் சுலபம். 6வி6இன் கேத்தோடில் 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அதில் எனக்கு 19 வோல்ட் காட்டியது. வகுத்தால் 40 மில்லியாம்பியர். டியூப்பின் மேல் இருக்கும் சுமார் 310 வோல்ட்டால் பெருக்கினால் 12 வாட்டைத் தொட்டு நிற்கிறது, 6வி6இன் வரம்பும் ஏறக்குறைய அதுதான். ஒரு கணக்கில் பவர் பகுதி முழுவதும் நலமா என்று தெரிந்துவிட்டது. 18 வாட்டில் முன்பகுதிக்கே மூன்று டியூப், சத்தத்தை அலையலையாக ஏற்றி இறக்கும் டிரெமலோ வேறு. கம்பி ஓடும் பாதை கொஞ்சம் மாறினாலும் தானாகக் கூவத் தொடங்கும் என்று அந்த நண்பர் இன்றும் புலம்புவார்.

எதை வாங்கினாலும் இங்கே இருப்பவர்கள் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும்: பவர் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட்டுக்கு? அமெரிக்காவின் மோஜோடோன், வெபர் போன்றவற்றின் கிட்டுகள் அவர்களுடைய 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸை மனத்தில் வைத்தே வரும்; வெளிநாட்டு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி வைத்து ஓட்டிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது, 60க்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மரில் 220, 240 என்று இரண்டு கம்பி இருந்தால் 240ஐ எடுங்கள். என் வீட்டில் அளந்தபோது 236 இருந்தது. 220 கம்பியில் கொடுத்திருந்தால் டியூப்புக்குள் 6.3 வோல்ட் கேட்கும் ஹீட்டருக்கு 6.7க்கு மேல் போயிருக்கும்.

இதற்காகவே காஸ்வேக்கு அந்தப் பக்கம் பார்ப்பதும் நல்லது. மலேசியாவின் செரியாடோன் கிட்டாகவும் தருகிறது, கட்டியும் தருகிறது. அங்கேயும் சுவரில் வருவது நம்முடைய மின்சாரம்தான். 400 வெள்ளிக்கு மேல் போனால் இறக்குமதியின்போது 9% பொருள் சேவை வரி கட்ட வேண்டும், அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் அந்த 400. ஸ்பீக்கர், பெட்டி எல்லாம் சேர்த்தால் எடை ஏறிவிடும். ரெசிஸ்டர், ஃபியூஸ், கம்பி போன்ற சில்லறைக்குச் சிம் லிம் டவர் இருக்கிறது.

ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே 340 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். மீட்டரில் பூஜ்யம் பார்க்காமல் கையை விடாதீர்கள், ஓடும்போது அளந்தால் ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். இதைக் கேட்டு பயம் வந்தால் கட்டியதையே வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கமில்லை.

தம்பி வாராவாரம் டிரம்மரோடு வாசிப்பவர். டிரம்முக்கு நடுவே சாம்ப் காணாமல் போய்விடும், அதனால் அவருக்கு டீலக்ஸ்தான் தேவை, மறுக்கவில்லை. ஆனாலும் முதலில் சாம்ப்பைக் கட்டச் சொன்னேன். "ரெண்டு ஆம்ப் வாங்கச் சொல்றீங்களே அண்ணே" என்றார். சாம்ப்பை விற்றுவிடலாமே என்றும் கேட்டார். நான் ஒருமுறை விலை கேட்டுப் பார்த்தேன். யாரோ வீட்டில் ஈயம் வைத்த பெட்டிக்கு ஸ்பீக்கரின் காசுதான் தருவார்களாம். என்னுடையது இப்போது மகளின் அறையில் இருக்கிறது.