காதோரச் சதையும் துளையும்: குழந்தைகள் காது மூக்கு தொண்டைப் பிரிவு குறித்த மதிப்புரை

காதோரத்தில் சதைத் துணுக்குடனோ சிறு துளையுடனோ பிறந்த குழந்தையைக் காட்டச் செல்லும் இடத்தில், மருத்துவர் அந்தச் சதையை மட்டும் பார்க்கிறாரா, குழந்தையை முழுதாகப் பார்க்கிறாரா என்பதையே பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டும். எங்கள் மகளுக்கு வலது காதின் முன்னால் மிளகளவு சதையும், இடது காது மடல் கன்னத்தோடு சேருமிடத்தில் ஊசித்துளை போன்ற பள்ளமும் இருந்தன. நாங்கள் சென்ற பிரிவின் மருத்துவர் இரு காது மடல்கள், தாடை, அண்ணம், கண்கள், கழுத்தின் பக்கவாட்டு என ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு, குடும்பத்தில் எவருக்கேனும் பிறவியிலேயே காது கேளாமையோ சிறுநீரகக் கோளாறோ உண்டா, கருவுற்றிருந்தபோது தாய்க்குச் சர்க்கரை இருந்ததா என்று விசாரித்தார். அப்படி எதுவும் இல்லாததாலும் வேறு குறைபாடு தென்படாததாலும், காதுக் குறையோடு சில சமயம் சேர்ந்து வரும் சிறுநீரகக் கோளாறைத் தேடும் ஸ்கேன் தேவையில்லை என்றார். தேவையற்ற பரிசோதனை எதையும் எழுதிக் கொடுக்காத இந்த நேர்மையை மிகவும் மதிக்கிறேன்.

கருவின் ஆறாவது வாரத்தில் ஆறு சிறு மேடுகள் ஒன்றிணைந்தே காது மடல் உருவாகிறது என்றும், அந்த இணைப்பில் நேரும் சிறு பிசகே இவை என்றும் விளக்கி, "நீங்கள் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்ததில்லை அம்மா" என்று என் மனைவியிடம் அவர் நேராகச் சொன்னார். எந்த மருந்தும் தர முடியாத ஆறுதல் அது.

சதையை நூலால் கட்டி உதிரவிடலாமா என்று கேட்டபோது, அதை இரு விரல்களுக்கிடையே மெல்ல உருட்டி, உள்ளே இருந்த குருத்தெலும்பை என்னையும் தொட்டுணரச் செய்தார். கட்டினால் சதை உதிர்ந்தாலும் குருத்தெலும்பு உள்ளேயே தங்கிவிடும், தொற்றும் ஏற்படலாம். அழகுக்காக அகற்ற விரும்பினால் பின்னர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், அவசரமே இல்லை என்றார். செவித்திறன் பரிசோதனையும் பொறுமையாக நடந்தது: குழந்தை பால் குடித்து உறங்கும்வரை காத்திருந்து, மென்மையான முனையைக் காதுக்குள் வைத்து, உட்காது திருப்பி அனுப்பும் மெல்லொலியைச் சில நிமிடங்களில் பதிவு செய்தார்கள். இரு காதுகளும் தேறின.

குறை ஒன்று உண்டு. துளையைப் பிதுக்கக் கூடாது, குச்சி நுழைக்கக் கூடாது, சிவந்து வீங்கினாலோ சீழ் கசிந்தாலோ உடனே வர வேண்டும், திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால் மட்டுமே துளையின் பாதை முழுவதையும் அகற்ற வேண்டியிருக்கும் என்ற அறிவுரைகள் அனைத்தும், அடுத்த குழந்தை வாசலில் காத்திருக்க, வாய்மொழியாகவே சொல்லப்பட்டன. தூக்கமிழந்த பெற்றோருக்கு அவை நினைவில் நிற்பது கடினம். அவற்றை ஒரே தாளில் அச்சிட்டுத் தருமாறு அந்தப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.