மொன்ட்கொமரி டி-டியூப்: மலையகக் குளிருக்குச் சரிவருமா?

குரல்நாணுக்குக் கீழே மூச்சுக்குழாய் சுருங்கிப்போவது, பல நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு வருவதுண்டு. காரணமே தெரியாமல் வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்குத்தான். புற்றுநோயல்ல, ஆனால் மூச்சை அடைக்கும். பலூனால் விரித்தும் திரும்பச் சுருங்கி, வெட்டித் தைக்கவும் முடியாதபோது, அல்லது தைத்த இடம் ஆறும்வரை தாங்கலாக, T எழுத்து வடிவிலான இந்த மொன்ட்கொமரி டி-டியூப்பை வைப்பார்கள். 1965இல் அமெரிக்க டாக்டர் வில்லியம் மொன்ட்கொமரி அறிமுகப்படுத்தியது.

இப்போது வருவது முழுக்க சிலிக்கன். நீளமான பகுதி மூச்சுக்குழாய்க்குள் நிற்கும், குட்டைக் கை கழுத்துத் துளையால் வெளியே வரும். அதை மூடியால் அடைத்தால் மூக்கால் மூச்சு விடலாம், பேசலாம். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக்கு இதை விரும்பிச் சொல்வதற்குக் காரணமே இந்த மூடிதான். மூக்கில் சூடாகி ஈரமாகிப் போகிற காற்றில் சளி காயாது. மூடியைக் கழற்றிவிட்டு ஜனவரி விடியற்காலையில் நடந்தால் குளிர்காற்று நேரே உள்ளே போய், சளி பொருக்காகி ஒட்டும். மலை ஏறும்போது மூடியைத் திறந்தால்தான் மூச்சு வருகிறது என்றால், டியூப்பின் மேல்முனையில் சளியோ சதையோ அடைத்திருக்கலாம். உடனே கிளினிக்கில் காட்ட வேண்டும்.

பெரிய குறை, கழற்றிக் கழுவ உள்டியூப் இல்லாதது. அதனால் காலை மாலை 2-3 மில்லி ஸ்டெரைல் சேலைன் (கிருமியற்ற உப்புநீர்) விட்டு, சளியை மெஷினால் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் செய்தே ஆகவேண்டும். வெளிக்கையை நாடிப்பக்கம் சாய்த்தால் கத்தீட்டர் (உறிஞ்சும் மெல்லிய குழாய்) கீழே போகும், நெஞ்சுப்பக்கம் சாய்த்தால் மேலே. ஒரு தடவைக்கு 10 செக்கனுக்கு மேல் வேண்டாம். மற்றக் கையால் டியூப்பைப் பிடித்தே செய்யுங்கள். மழைக்குக் கரண்ட் போகிற தோட்டங்களில் பட்டரி சக்ஷன் மெஷின் அல்லது காலால் மிதிக்கிறது வாங்குங்கள்.

பீலித் தண்ணீரில் கழுத்துக்குக் கீழே மட்டும் குளிக்கலாம். விறகடுப்புப் புகையும் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலையும் ஆகாது.

முழுசாக அடைத்தால் மூடியைத் திறந்து, சேலைன் விட்டு, சக்ஷன். அப்படியும் மூச்சு வராவிட்டால் வெளிக்கையை ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) இறுகப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். சிலிக்கன் மடங்கி வந்துவிடும். அதே துளையில் ட்ரக்கியோஸ்டமி டியூப்பை (கழுத்துத் துளையால் மூச்சுவிட வைக்கும் சாதாரண டியூப்) போட வேண்டும். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கும்போதே டி-டியூப் என்று சொல்லுங்கள்: கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக் இதில் நேரே பொருந்தாது.

சின்னப் பிள்ளைகளுக்கு இது சரிவராது, ஒடுங்கிய டியூப் சீக்கிரம் அடைக்கும். இழுத்தெடுக்கப் பழகிய ஒருவர்கூட லயத்தில் இல்லையென்றால், உள்டியூப் உள்ள சாதாரண ட்ரக்கியோஸ்டமியே பாதுகாப்பு.