எம்.டி., எம்.எஸ்சி., பிஎச்.டி.: மருத்துவ உயிர்வேதியியலில் ஆராய்ச்சி கற்க எந்த வழி?

ரத்தம் போன்றவற்றின் வேதியியலை வைத்து நோயைப் புரிந்துகொள்ளும் துறையான மருத்துவ உயிர்வேதியியல் பக்கம் வர நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. எம்.பி.பி.எஸ். முடித்து நீட்-பி.ஜி. ரேங்க்கைக் கையில் வைத்துக்கொண்டு "பயோகெமிஸ்ட்ரி எடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. பி.எஸ்சி. முடித்துவிட்டு "மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரியா, வெறும் பயோகெமிஸ்ட்ரியா?" என்று குழம்புபவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் கிடைக்கும் பதிலில் சம்பளமும் வேலையும்தான் இருக்கும். ஆராய்ச்சி செய்ய எந்தப் படிப்பு உருப்படியாகக் கற்றுத்தருகிறது என்பதைப் பேசுபவர்கள் குறைவு. இங்கே அதைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.

என் கணக்கு இதுதான். எம்.டி.யில் நோயாளி இருக்கிறார், நேரம் இல்லை. பிஎச்.டி.யில் நேரம் இருக்கிறது, நோயாளி தூரத்தில் இருக்கிறார். மூன்று வருட எம்.எஸ்சி. மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. படிப்பாகப் பார்த்தால் நல்ல படிப்பு. விதிகள்தான் அதைப் பாடாய்ப் படுத்துகின்றன.

முதலில் எம்.டி. மூன்று வருடம், தீசிஸ் கட்டாயம். முதல் ஆறு மாதத்துக்குள் புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) எழுதி, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வாங்கி, தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸைச் சமர்ப்பிக்க வேண்டும். மிஞ்சுவது இரண்டு வருடம். அதிலும் எம்.பி.பி.எஸ். மாணவர்களின் பிராக்டிகல் வகுப்பு, ஆய்வக டியூட்டி, மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணி என்று எல்லாம் போனால், ஆராய்ச்சிக்கு உண்மையில் ஒதுங்குவது மாலை நேரங்களும் கைடு விடுப்பில் இல்லாத நாட்களும்தான். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் பாடத்தை ஆன்லைனில் முடிக்கிறார்கள். ஆய்வு வடிவமைப்பு, ஒப்புதல் படிவம், புள்ளியியல் எல்லாம் அதில் தெளிவாகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பார்க்க அவகாசம் இல்லை என்பதுதான் சிக்கல்.

தீசிஸ் எப்படி உருவாகிறது என்பதை, ரத்தத்தில் ஒரு பொருளின் அளவைப் பார்க்கும் எலைசா கிட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். பிளேட்டில் 96 குழிகள். ஏழு ஸ்டாண்டர்டும் (அளவு தெரிந்த கரைசல்) ஒரு பிளாங்க்கும் (அந்தப் பொருளே இல்லாதது) இரண்டிரண்டாகப் போட்டால் 16 குழி போய்விடும். மீதி 80. ஒவ்வொரு மாதிரியையும் முறைப்படி இரண்டு முறை போட்டால் 40 பேருக்குத்தான் இடம். ஒரே முறை போட்டால் 80 பேர். கிட் விலை பல்லாயிரம் ரூபாய், பெரும்பாலும் மாணவரின் கைக்காசு. இப்போது "நீரிழிவு உள்ளவர்கள் 40, இல்லாதவர்கள் 40" என்று தலைப்புகள் ஏன் வருகின்றன என்று விளங்கும். மாதிரி அளவுக்கான சூத்திரம் தீசிஸில் அழகாக அச்சாகியிருக்கும். ஆனால் முதலில் கிட்டில் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப சூத்திரத்தை நிரப்புவதை நான் பார்த்திருக்கிறேன். மாணவர் மேல் கோபம் வராது. பட்ஜெட்டே கொடுக்காமல் ஆராய்ச்சி கேட்டால் இதுதான் கிடைக்கும்.

ஆனாலும் எம்.டி.யில் மட்டும் கிடைக்கும் ஒன்று உண்டு: ஆய்வக முடிவைப் பார்த்தவுடன் சந்தேகப்படும் பழக்கம். வார்டிலிருந்து வந்த ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருக்கிறது, கால்சியம் நம்பமுடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. நோயாளியோ கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். டியூட்டியில் இருக்கும் முதல் வருட எம்.டி. மாணவிக்குச் சீனியர் சொல்லித்தருவார்: ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை யாரோ சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றியிருக்கிறார்கள். ஊதாக் குழாயில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் உப்பு வடிவிலான இ.டி.டி.ஏ.; அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தைக் கூட்டும். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவும் சேர்ந்து விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ரத்தம் திரும்ப எடுக்கச் சொல்லி போன் பண்ண வேண்டியதுதான். சர்க்கரை விஷயமும் அப்படியே. சீரத்தைப் பிரிக்காமல் குழாயை மேசையில் விட்டால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறையும். இதெல்லாம் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டு டாக்டரிடம் திட்டு வாங்கி இதைக் கற்றவர், நாளை தன் ஆய்வுக்கு மாதிரி சேகரிக்கும்போது குழாயைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

நல்ல ஆராய்ச்சிக் கேள்விகளும் அங்கேயேதான் கிடக்கின்றன. வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மல், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. மட்டும் அதிகம் என்று ஒரு பெண்ணுக்கு வந்தால், இரும்புச்சத்துக் குறைவால் அந்த அளவு பொய்யாகக் கூடியிருக்கலாம். ரத்தசோகை இவ்வளவு பரவலாக உள்ள நாட்டில் இது எத்தனை பேரை நீரிழிவுக்காரர் ஆக்குகிறது என்பது எலைசா கிட்டே தேவைப்படாத ஒரு நல்ல தீசிஸ்.

எம்.டி.க்கு இன்னொரு குறை, அங்கே யார் வருகிறார்கள் என்பது. 2023-இல் நீட்-பி.ஜி. கட்-ஆஃப் பூஜ்ஜிய பெர்சென்டைல் வரை, அதாவது தேர்வு எழுதிய எல்லோருக்கும் தகுதி என்கிற அளவுக்கு, இறக்கப்பட்டது நினைவிருக்கும். காலியாகக் கிடக்கும் இடங்களில் உயிர்வேதியியல் போன்ற துறைகளுக்கு எப்போதும் பங்குண்டு. வேறு கிடைக்காமல் சேர்ந்து, மனம் ரேடியாலஜியிலேயே இருக்கும் ஒருவரை ஆராய்ச்சியாளராக மாற்றுவது எந்தக் கைடுக்கும் கஷ்டம். விரும்பி வருகிற ஒருவருக்கு இதுவே லாபம் என்றும் சொல்லலாம்: கைடின் முழுக் கவனமும் அவருக்கே.

அடுத்து பிஎச்.டி. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் வருடத்திலிருந்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பணம் மாதாமாதம் ஒழுங்காக வருமா என்பது வேறு கதை.

இங்கே கற்பது தோல்வியைக் கையாள. ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை வரவில்லை. ஆன்டிபாடி பழையதா, புரதம் சவ்வுக்கு மாறவே இல்லையா, பிளாக்கிங் அதிகமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். எம்.டி. மாணவருக்கு அந்த ஆடம்பரம் கிடையாது. ஒரு முடிவை நம்புவதற்கு முன் எத்தனை கன்ட்ரோல் (ஒப்பிட்டுச் சரிபார்க்கும் சோதனை) வேண்டும் என்பது இப்படி மாட்டிக்கொண்டால்தான் மனதில் பதியும்.

ஆனால் மருத்துவமனைக்கு வெளியே செய்யும் பிஎச்.டி.யில் "மருத்துவ" என்ற பகுதி மெல்லக் கரைந்துவிடுகிறது. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் எத்தனை தீசிஸ், ஸ்ட்ரெப்டோசோடோசின் ஏற்றிய எலிக்கு ஏதோ ஒரு இலைச்சாறு கொடுத்து முடிந்திருக்கிறது! வேலியோரத்தில் ஒரு செடியையும் விட்டுவைக்கவில்லை. அந்த மருந்து கணையத்தின் பீட்டா செல்களையே அழித்துவிடுகிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருப்பதோ இன்சுலின் இருந்தும் வேலை செய்யாத இரண்டாம் வகை. எலிக்குச் சர்க்கரை குறைந்தது சரி, அதற்கும் அத்தைக்கும் என்ன தொடர்பு என்று வைவாவில் யாராவது கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

எனவே பிஎச்.டி. செய்தால் மருத்துவமனையோடு ஒட்டிய இடமாகப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மர் மாதிரி ஒரே வளாகத்தில் நோயாளிகளும் ஆய்வகமும் உள்ள இடம் என்றால் மாதிரிக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல். முதலியார் நிறுவனத்தில் மருத்துவ உயிர்வேதியியல் துறை தனியாகவே இருக்கிறது. அங்கே அடிப்படை ஆய்வுக்கு நல்ல சூழல், ஆனால் வார்டு பக்கத்தில் கிடையாது. அதற்கு ஒரு மருத்துவரோடு கூட்டு வைத்தாக வேண்டும்.

எம்.எஸ்சி.க்கு வருவோம். மருத்துவக் கல்லூரியில் நடக்கும் மூன்று வருடப் படிப்பில், முதல் வருடம் உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்த்தே படிக்க வேண்டும். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்து வந்தவருக்கு இதுதான் பெரிய லாபம். கிரெப்ஸ் சுழற்சி மனப்பாடமாக இருக்கும், கல்லீரல் வயிற்றில் எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த ஓட்டை இங்கே அடைபடுகிறது. இரண்டு வருடப் பொது எம்.எஸ்சி.யில் மூலக்கூறு உயிரியல் ஆழமாக இருக்கும், உடலைப் பற்றி அவ்வளவு இருக்காது. பி.எஸ்சி.காரர்களுக்கு என் ஓட்டு மூன்று வருடப் படிப்புக்கே. அதன்பின் மருத்துவக் கல்லூரியிலேயே பிஎச்.டி. ஆராய்ச்சிக் கல்வியாக இதைவிடச் சீரான வரிசை தெரியவில்லை. எம்.டி.யைவிடவும்தான்.

வேலை விஷயம் இங்கேதான் குறுக்கே வருகிறது. பழைய எம்.சி.ஐ. (இந்திய மருத்துவக் கவுன்சில்) காலத்தில் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை ஆசிரியர்களில் 50 சதவீதம் வரை மருத்துவர் அல்லாதவர்களாக இருக்க விதி இடம் கொடுத்தது. 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை 15 ஆக வெட்டியது. பிறகும் விதிகள் மாறின, இன்னும் மாறலாம். ஒரே ஆய்வகத்தில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில், எம்.டி.காரருக்கு வரும் பதவி உயர்வும் ஆய்வக அறிக்கையில் கையொப்பமிடும் உரிமையும் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்தவருக்கு அப்படியே வராது. இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் 22 வயதில் சேரப் போகிறவர் என் கருத்தை நம்பிச் சேர முடியாது, விதியைப் பார்த்துத்தான் சேர வேண்டும். கற்பித்தல் வேலை மட்டுமே குறி என்றால் யோசியுங்கள். நோய் கண்டறியும் கருவி நிறுவனங்கள், மருந்து ஆய்வு, வெளிநாட்டு போஸ்ட்-டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) என்று மனம் விரிந்திருந்தால் பயமில்லை.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் பிஎச்.டி.க்கு நேராகப் போகலாமா என்றால், போகலாம்; எனக்கு உடன்பாடில்லை. எம்.டி. முடித்துவிட்டு, பணியில் இருந்தபடி பிஎச்.டி. பதிவு செய்வது வருடம் கூடினாலும் கையைக் கட்டிப்போடாது. தீசிஸில் தொட்ட கேள்வியை நிதானமாகத் தோண்டவும் அப்போதுதான் முடியும்.

எந்த வழியானாலும் சேரும் முன் அந்தத் துறைக்கு ஒருமுறை போய் வாருங்கள். மைனஸ் 80 ஃப்ரீசர் இருக்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் அதற்கு வருமா, கிட்டுக்கு யார் பணம் கட்டுகிறார்கள், கைடின் முந்தைய மாணவர் எத்தனை வருடத்தில் முடித்தார் என்று கேளுங்கள். கேட்க வேண்டியது துறைத்தலைவரிடம் அல்ல, இரண்டாம் வருட மாணவரிடம், கேன்டீனில்.