சின்ன அறைக்கு ராக்வூல் பேனல்: ஆழம் கிடைக்கிறது, பேஸ் அப்படியேதான்

பத்துக்குப் பன்னிரண்டு அடி பெட்ரூம். தலைமாட்டு மூலையில் ஸ்டீல் பீரோ, மேலே பரண், மூன்று பக்கமும் பட்டி பார்த்து வழவழவென்று பெயின்ட் அடித்த சுவர். நான் பாட்டுக் கேட்பது இங்கேதான். ஐந்தே கால் அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கூம்பு) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பழைய ஆம்ப் ஒன்று. இரண்டையும் மாற்றவில்லை. சுவரில் ஆறு ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பேனல் மாட்டினேன், அவ்வளவுதான். சவுண்ட்ஸ்டேஜில், அதாவது ஸ்பீக்கர்களுக்கு நடுவே கண்முன் விரிகிற கற்பனை மேடையில், ஆழம் வேண்டும் என்று புது ஸ்பீக்கருக்குக் காசு சேர்ப்பவர்கள், முதலில் இதில் கொஞ்சம் செலவழித்துப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

முதலில் பொருள். பசால்ட் கல்லையும் உலைக்கசடையும் உருக்கி இழையாக்கி அழுத்திய ஸ்லாப் இது. நெருப்பில் எரியாது. ஸ்டுடியோ என்ற பெயரில் விற்கிற இடத்துக்குப் போனால் விலை தனி. ஏசி டக்ட், கூரை இன்சுலேஷன் வேலைக்குப் பொருள் கொடுக்கிற கடையில் கேளுங்கள். நான் கோவையில் அப்படி ஒரு கடையில்தான் வாங்கினேன். "எந்த பில்டிங்குக்குங்க, எத்தனை ஸ்கொயர் மீட்டர்?" என்றார் கடைக்காரர். பெட்ரூமுக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். சில்லறையாகக் கொடுக்க மாட்டார்கள், கட்டாகத்தான் வாங்க வேண்டும். 50 மி.மீ. தடிமன், கனமீட்டருக்கு 48 கிலோ டென்சிட்டி என்று சொல்லி வாங்கினால் போதும். அதற்கு மேல் டென்சிட்டி போவதால் இந்தத் தடிமனில் பெரிய லாபம் இல்லை.

ஃபிரேம், துணி, கிளாம்ப் எல்லாம் சேர்த்துப் பேனல் ஒன்றுக்கு 1,400 ரூபாய் பக்கம் ஆனது. துணிக்கு நான் போட்டது காடா. வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் தாராளமாக வந்தால் அந்தத் துணி சரி. ரெக்ஸின், தடித்த சோபாத் துணி எல்லாம் வேண்டாம். ஃபிரேம் செய்த ஆசாரியிடம் பின்பக்கம் பிளைவுட் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும் அடித்தே கொண்டுவந்தார். "பின்னாடி பலகை இல்லாம பஞ்சு எப்படிங்க நிக்கும்?" என்று அவருக்கு நியாயமான சந்தேகம். கழற்ற வைத்தேன். சுவருக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று இருந்தால்தான் இந்த 50 மி.மீ. ஸ்லாப் இன்னும் கீழ் அதிர்வெண் வரைக்கும் உறிஞ்சும். பின்னால் பலகை அடித்தால் அந்த இடைவெளியால் பிரயோஜனம் இல்லை.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கேட்கிற இடத்தில் நான் உட்கார்ந்துகொள்ள, மகள் ஒரு கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டினாற்போல் நகர்த்திக்கொண்டே போனாள். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் சின்னப் பகுதி) எந்த இடத்தில் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. "இப்பத் தெரியுதாப்பா?" "இன்னும் கொஞ்சம் முன்னாடி... ஆங், அங்கேயே நிறுத்து." இடம் வலம் இரண்டுக்கும் ஆளுக்கொரு பேனல். இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள சுவரின் நடுப்பகுதியில் இரண்டு, என் தலைக்குப் பின்னால் இரண்டு.

காரணம் எளிதானது. ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலிக்கும், பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலிக்கும் என் அறையில் இரண்டடிதான் வித்தியாசம், அதாவது சுமார் இரண்டு மில்லிசெகண்ட். தலைக்குப் பின்னால் ஒன்றரை அடியில் சுவர். அதில் பட்டுத் திரும்புவது மூன்று மில்லிசெகண்டுக்குள் காதுக்கு வந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் வருவதைக் காது எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது, மூல ஒலியோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஒலியியல் ஆய்வாளர் 1949-லேயே இதைப் பற்றி ஆய்வேடு எழுதியிருக்கிறார். ரெக்கார்டிங்கில் பதிவான அரங்கத்தின் மெல்லிய எதிரொலிதான் தூரத்தைச் சொல்லும் தடயம். அதன்மேல் என் பெட்ரூமின் எதிரொலி ஏறி உட்கார்ந்தால், தூரம் பத்தடிக்கு மேல் போகாது.

மாட்டிய பிறகு நான் போட்டது நேரடி அரங்கில் பதிவான ஒரு கச்சேரி. முன்பு பாடகர், வயலின், மிருதங்கம் மூன்று பேரும் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே ஒரே கோட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது பாடகர் முன்னால், மிருதங்கம் அவருக்கு வலப்பக்கம் ஓரடி பின்னால், தம்புரா அதற்கும் பின்னால் எங்கேயோ. சபையில் யாரோ இருமுவதுகூட வேறு தூரத்திலிருந்து கேட்கிறது. பழைய மோனோ (ஒரே தடத்தில் பதிந்த) பாட்டு ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். குரல் நட்டநடுவே ஒரு புள்ளியாக நிற்க வேண்டும், நின்றது. முன்பு அது அரை அடி அகலத்துக்குப் பரவிக் கிடந்தது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து சேர்த்த சினிமாப் பாட்டுகளில் இந்த அளவு மாற்றம் இல்லை. பதிவில் இல்லாத ஆழத்தைப் பஞ்சு எங்கிருந்து கொண்டுவரும்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுப் பேனலை மட்டும் மாட்டினால் இதில் பாதிகூடக் கிடைக்காது. கட்டிலையும் பின்சுவரிலிருந்து தள்ளிப் போட வேண்டியிருந்தது. வீட்டம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பேனல்களைப் பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டு என்கிறாள்.

பக்கச் சுவர்ப் பேனல் எல்லோருக்கும் பிடிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். பக்கவாட்டுப் பிரதிபலிப்பு நிறையப் பேருக்கு இனிமையாகவே இருக்கிறது என்பது ஃப்ளாய்டு டூல் போன்ற ஒலியியல் ஆய்வாளர்களின் வாதம். பேனல் வந்ததும் மேடையின் அகலம் கொஞ்சம் சுருங்கியது எனக்கும் தெரிந்தது. ஆழத்துக்காக அதை விட்டுக்கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அகலம்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்பீக்கருக்குப் பின்னாலும் தலைக்குப் பின்னாலும் மாட்டிவிட்டுப் பக்கத்தை விட்டுவிடலாம். வாங்கியதில் மீந்த ஸ்லாபில் இன்னும் இரண்டு பேனல் செய்து மாட்டியபோது அறை செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. அவை இப்போது மகள் படிக்கிற அறையில் இருக்கின்றன.

பேஸுக்கு, அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலிக்கு, இது மருந்து இல்லை. பன்னிரண்டடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸும் பத்தடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் முட்டி நின்று பெருகும். 47 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே ஆறடி, இரண்டு அங்குலப் பஞ்சு அதை என்ன செய்யும்? பேஸ் கிதார் கீழே இறங்கும்போது பீரோக் கைப்பிடி இன்னும் கடகடக்கிறது. அதற்குத் துண்டுத் துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஒரு அங்குல பிரமிட் ஃபோம் ஷீட்டை வாங்காதீர்கள். அது மேல் ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு, 200, 300 ஹெர்ட்ஸ் டப்பாச் சத்தத்தை அப்படியே விட்டுவிடும். போதாததற்கு நெருப்புப் பிடிக்கும். முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஸ்லாபை அறுக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் மூன்றும் அவசியம், இல்லாவிட்டால் அரிப்பு தாங்காது. மொட்டை மாடியில் வைத்து அறுப்பது நல்லது. துணிக்குள் மெல்லிய நான்-ஓவன் (நெய்யாத) துணி ஒரு சுற்றுப் போட்டால் இழை வெளியே வராது. பேனலுக்குப் பின்னால் பல்லி குடிவரும், மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். ஆசாரியிடம் ஃபிரேம் சொல்லும்போது உள்ளளவா வெளியளவா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உள்ளளவு ஸ்லாபைவிடக் கால் அங்குலம் குறைவாக இருந்தால் இறுக்கமாக உட்காரும், ஆணியும் பசையும் தேவைப்படாது.