வரிசைகளை வரலாற்றோடு கற்பிக்கும் அல்சூர் டேக்வாண்டோ வகுப்பு

அல்சூர் ஏரியின் பக்கம், பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் நடக்கும், கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ வகுப்புக்கு நானும் என் பத்து வயது மகனும் ஒன்றரை ஆண்டாகப் போய்வருகிறோம். இந்த நகரத்தில் டேக்வாண்டோ வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் எதிரி நாற்புறமும் நிற்பதாக எண்ணிக்கொண்டு தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்களை, அவை ஏன் அப்படி அமைந்தன என்ற விளக்கத்தோடு கற்றுக்கொடுக்கும் ஒருவரை நான் இங்கேதான் கண்டேன்.

இதற்கு முன் மகன் வேறொரு வகுப்பில் இரண்டு ஆண்டுகள் பயின்றான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் தேர்வு வரும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு ஒரு தொடரை மனப்பாடம் செய்வான், தேர்வு முடிந்த வாரமே மறந்துவிடுவான். அதன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டபோது, "அது சும்மா பேரும்மா" என்றான். குழந்தையைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இங்குள்ள ஆசிரியர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகளும் பெற்றோரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைக்கிறோம். சிறுவயதில் சிலம்பத்தில் காலடி பழகியவர் என்பதால், மற்ற இடங்களில் 'பேட்டர்ன்' என்று சொல்லப்படும் இந்த அசைவுத் தொடரை இவர், வெறுங்கைச் சண்டைக் கலையான குத்துவரிசையை நினைவில் வைத்து 'வரிசை' என்றே சொல்கிறார். அந்தச் சொல்லின் பொருத்தம் எனக்குப் பிடித்துப்போனதால் நானும் அதையே இங்கே பயன்படுத்துகிறேன்.

இவர் கற்பிப்பது கொரியப் படைத்தலைவர் ஜெனரல் சோய் ஹோங் ஹி தொகுத்த 24 வரிசைகள் கொண்ட மரபு. ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும் எண் அது. முதல் வரிசையான சோன்-ஜியில் 19 அசைவுகள்தான் உள்ளன. அதற்கே எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. 'சோன்-ஜி' என்றால் வானும் மண்ணும். முதல் பகுதியில் கீழ்த்தடுப்பும் குத்துமாக இடம், வலம், முன், பின் என நான்கு திசைக்கும் திரும்புகிறோம். இரண்டாம் பகுதியில் நிலை மாறி, உடல் எடையில் 70 விழுக்காடு பின்காலுக்குப் போகிறது. இந்த எடை மாற்றத்தைத்தான் அவர் வாரக்கணக்கில் திருத்தினார். ஒரு காலை முன்வைத்து நிற்கும் நடைநிலையில் காலடி நீளம் தோள் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொருவரின் தோளையும் கயிற்றால் அளந்து, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். கோட்டில் கால் சரியாக விழத் தொடங்கிய பிறகுதான் குத்தில் இடுப்பின் விசை சேர்வதை உணர்ந்தேன். அதுவரை நான் கையை மட்டுமே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வரலாற்றைச் சொல்வதில் அவர் காட்டும் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தக் கலை இன்றுள்ள வடிவிலேயே 2000 ஆண்டுகளாக வருகிறது என்று பல வகுப்புச் சுவர்களில் எழுதி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இவர் அப்படிச் சொல்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெய்யான் ஷோடான் என்ற கராத்தே வரிசையின் தொடக்கத்தை எங்கள் முன் செய்து காட்டிவிட்டு, உடனே சோன்-ஜியின் தொடக்கத்தைச் செய்தார். இரண்டிலும் இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஓரடி முன்வைத்துக் குத்து. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானிய ஆட்சியில் இருந்ததையும், ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் அங்கே கராத்தே பயின்று திரும்பியதையும், 1944இல் சியோலில் சுங் டோ குவான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய லீ வோன்-குக் ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவைக் கற்றவர் என்பதையும், சோய் ஹோங் ஹியும் ஜப்பானில் கராத்தே கற்றவரே என்பதையும் பிறகு விளக்கினார். 1955 ஏப்ரல் 11 அன்று டேக்வாண்டோ என்ற பெயர் ஏற்கப்பட்டது. கொரியப் பெயர்களையும் கொரிய வரலாற்றையும் தாங்கிய புதிய வரிசைகள் அந்தக் காலத்தில்தான் உருவாகத் தொடங்கின. தங்களை ஆட்சி செய்தவர்களிடமிருந்து வந்த ஒரு கலையில் ஆளப்பட்டவர்கள் தங்கள் வீரர்களின் பெயர்களைப் பொறித்துக்கொண்டார்கள் என்று நான் இதைப் புரிந்துகொண்டேன். அப்படிப் புரிந்த பிறகு இந்த வரிசைகள் மீது எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

ஜூங்-குன் வரிசை தொடங்கிய நாளை மறக்க முடியாது. 1909இல் சீனாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்ற கொரிய விடுதலை வீரர் ஆன் ஜுங்-குன் பெயரில் அமைந்தது அது. 1910இல் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு இருந்த வயதைக் குறித்து, அதில் 32 அசைவுகள். அவர் பிறந்தது 1879 என்று மாஸ்டர் சொன்னதும் ஒரு சிறுமி கணக்குப் போட்டு, "கழிச்சா 31தானே மாஸ்டர் வருது?" என்று கேட்டாள். அவர் மகிழ்ந்துபோனார். "உங்க பாட்டி வயசு சொல்றப்ப, இத்தனை முடிஞ்சுதுன்னு சொல்வாங்களா, இத்தனை நடக்குதுன்னு சொல்வாங்களா?" என்று திருப்பிக் கேட்டு, பழைய கொரிய வழக்கப்படி குழந்தை பிறந்த அன்றே அதற்கு ஒரு வயது என்றும், அதன்பின் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது கூடும் என்றும் விளக்கினார். அன்று முதல் என் மகன் அந்த வரிசையில் ஓர் அசைவைக்கூட விட்டதில்லை. விட்டால் அந்த மனிதரின் ஆயுளில் ஓர் ஆண்டு குறைந்துவிடும் என்று அவன் சொல்கிறான்.

எண்ணிக்கைக்குப் பொருள் இருப்பதைப் போலவே, ஒரு வரிசையின் முடிவுக்கும் பொருள் இருக்கக்கூடும். கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் நினைவாக அமைந்த சூங்-மூ வரிசை இடக்கைத் தாக்குதலோடு முடிகிறது. 1598இல் ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்த போரின் இறுதிக் கட்டத்தில் அவர் களத்திலேயே இறந்த துயரத்தை அது குறிக்கிறது. நான் இன்னும் அந்த வரிசைக்கு வரவில்லை. மூத்த மாணவர்கள் அதை முடித்து அசையாமல் நிற்கும்போது பார்த்திருக்கிறேன்.

கற்றவர் அடுத்தவருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது இங்கே கட்டாயம். மஞ்சள் பெல்ட் பெற்ற பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சோன்-ஜி சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏழு வயதுக் குழந்தை ஒன்று, "ஏண்ணா இந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டபோதுதான், இரண்டாம் பகுதியின் முதல் திருப்பத்தை இத்தனை நாளும் கூட்டத்தைப் பார்த்தே செய்துவந்தது என் மகனுக்குத் தெரிந்தது. அன்றிரவு வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் தனியாகச் செய்து பார்த்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நேர்ச்சண்டைப் பயிற்சி இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். என் கணிப்பில் அது போதாது. வரலாற்றை வாய்மொழியாகவே சொல்கிறார். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து வரும் அந்தப் பேச்சை ஒரு பக்கத் தாளிலாவது எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் வீட்டில் திருப்பிப் படிப்பார்கள். மேலே தகரக் கூரை என்பதால் மழை வலுத்தால் அவர் எண்ணுவதுகூடக் கேட்காது. வண்டி நிறுத்த இடமில்லை.

இன்னொன்றைப் பெற்றோர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கின் முழுப் பதக்கப் போட்டியான டேக்வாண்டோ, வேர்ல்டு டேக்வாண்டோ என்ற வேறோர் அமைப்பின் விதிகளின்படி நடப்பது. அந்த அமைப்பின் வரிசைகள் 'பூம்சே' எனப்படும்; தொடக்க நிலையில் தேகுக் என்ற எட்டு வரிசைகள், வானம், ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, மண் என்ற எட்டுக் கூறுகளை ஒட்டி அமைந்தவை. 2006 முதல் பூம்சேக்கு உலகப் போட்டி உண்டு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் இடம்பெற்றது. அந்தப் பாதையில் பதக்கம் வாங்க விரும்பும் பிள்ளைக்கு இந்த வகுப்பு பொருந்தாது. இதைச் சேரும் நாளிலேயே மாஸ்டர் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்.

மாதக் கட்டணம் ஒருவருக்கு 2,200 ரூபாய். பெல்ட் தேர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு வரிசையைப் பிறருக்குக் கற்பிக்கும் அளவுக்குத் தேறாதவரைத் தேர்வுக்கு அனுப்புவதில்லை. செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணிக்கும், ஞாயிறு காலை ஏழு மணிக்கும் வகுப்பு. பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார். பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சோன்-ஜி கற்பிப்பது முதல் அரைமணி நேரத்தில்தான் என்பதால், ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள்.